பல்லின் மறுபக்கம்

பெருமாள்மலை ஷெட்டில்
பின் ஆக்சிலைப் பிரித்துப் போட்டிருக்கிறது.
வடித்த ஆயிலை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துக் காட்டினார் ஜெபமாலை.
கறுப்புக்குள் மினுமினுப்பு.
"அம்புட்டும் உங்க இரும்புதான்" என்றார்,
நகைக்கடையில் சேதாரம் சொல்கிற குரலில்.

மீட்டர் ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில் நின்று
நாலு பூண்டு அறுவடை ஆகிவிட்டது.
அதற்குப் பிறகு ஓடியதை
மூட்டைக் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.
பூம்பாறையிலிருந்து வடுகபட்டி,
நடைக்கு நூற்றிருபது மூட்டை.
வாரம் இரண்டு நடை, மழையில் ஒன்று,
ரோடு சரிந்தால் அதுவும் இல்லை.
நேற்று ராத்திரி கூட்டிப் பார்த்தேன்.
பாதியில் நோட்டை மூடிவிட்டேன்.

வேலப்பன் மாசியிலேயே சொன்னான்:
"ஏத்தத்துல ஒண்ணுமில்லக்கா.
ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாத்தான்
ஊளை விடுது."
ஒருநாள் நானும் ஏறி உட்கார்ந்தேன்.
ஊத்து தாண்டி, டம்டம் பாறை வளைவில்
ரெண்டாம் கியரில்
வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்கும்போது
கொசு என்று நினைத்துக் கையை வீசினேன்.
போகவில்லை.
வண்டிக் கடன் முடிந்த மாதம் அது.

புது கிரௌன் பினியன், பேரிங் எல்லாம் சேர்த்து
எழுபத்திரண்டாயிரம். கூலி தனி.
கன்னிவாடி புரோக்கர்
வண்டி மொத்தத்துக்கும் ரெண்டே கால் லட்சம் என்கிறார்.
அவர் பேசும்போது போனுக்குப் பின்னால்
கேஸ் கட்டர் சீறிக்கொண்டிருந்தது.
திண்டுக்கல் பைபாஸில் ரசாக் பாய் யார்டில்
பழைய ஆக்சில் ஒன்று, முப்பத்தோராயிரம்.
"தூத்துக்குடி உப்பு லாரியோடதும்மா."
"உப்பா?"
"உப்பு வெளியிலதான். உள்ள ஆயிலு."

கழற்றிய பல்சக்கரம் சாக்கின் மேல் கிடக்கிறது.
குந்தி உட்கார்ந்து
ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவினேன்.
ஒரு பக்கம் வழவழவென்று.
மறுபக்கம் அம்மைத் தழும்பு.
"இது எந்தப் பக்கம்?"
"இறக்கத்துப் பக்கம்."

ஏறும்போது என் வண்டியில் என்ன இருக்கும்?
காலிச் சாக்குகள், பத்து மூட்டை கோழி எரு,
சில நாள் யாராவது வாங்கிய பீரோ.
சுமையெல்லாம் இறங்கும்போதுதான்.
ஆறு டன்னையும் மலையிலிருந்து விழாமல்
பிடித்துக்கொண்டது
இந்தத் தழும்புப் பக்கம்.

உப்பு லாரி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும்
தட்டைத் தரையில் இழுத்தே காலம் தள்ளியது.
அதன் மறுபக்கம்?

நான் கேட்டதும்
ஜெபமாலை துடைத்துக்கொண்டிருந்த கையை
மறுபடி துடைத்தார்.
"தேய்ஞ்சது தேய்ஞ்சதுதாங்க..." என்று ஆரம்பித்தார்.
பிறகு, "ஆனா நீங்க சொல்றதும்..."
அதற்கு மேல் சொல்லவில்லை.
ஸ்பேனர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்
வெறுங்கையோடு வந்தார்.
"பல் எண்ணிக்கை ஒத்து வரணும்.
நம்மளது நாப்பத்தி ஒண்ணுக்கு ஆறு.
தரை வண்டிக்கு வேற மாதிரியும் போட்டிருப்பான்."

போன் போட்டேன்.
ரசாக் பாய் ஒரு பையனை விட்டார்.
எண்ணுவது இங்கே கேட்கிறது.
இருபத்தேழு, இருபத்தெட்டு...
நடுவில் யாரோ டீ வேண்டுமா என்று கேட்க
விட்டுவிட்டான்.
"முதல் பல்லுல சாக்பீஸ் வைடா" என்கிறார் பாய்.
சாக்பீஸ் தேடுகிறார்கள்.

பெருமாள் முடியிலிருந்து மஞ்சு இறங்கி
பின்சக்கரம் இல்லாத என் லாரியை
பாதிவரை மூடிவிட்டது.
ஜாக்கியின் மேல் அது நிற்பது தெரியவில்லை,
ஏதோ மிதப்பதுபோல்.
வேலப்பன் இன்னும் ஒரு கல்லை முட்டுக்கொடுக்கிறான்.

ஒண்ணு, ரெண்டு,
என்று மறுபடி ஆரம்பிக்கிறான் பையன்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நானும் கூடவே கோடு போடுகிறேன்.